அருவியை வரைந்தாயிற்று, அதை வாசிப்பது எப்படி?

வாசகர் கேள்வி – பதில்

இயற்கைக் காட்சி ஓவியத்தைப் பார்த்து, பாட்டு வரி இல்லாமல் கருவி இசை மட்டும் அமைப்பது பற்றி தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்ட வாசகர்கள் கேட்ட கேள்விகளும் அவற்றுக்கான பதில்களும்.

கேள்வி: 8 வருடமாக வீணை கற்கிறேன். எங்கள் வீட்டுக் கூடத்தில் ஒகேனக்கல்லின் நீர்வண்ண ஓவியம் ஒன்று இருக்கிறது. இடப்பக்கம் பழுப்புப் பாறை, நடுவில் அருவி, அதற்கு மேலே எழும் நீர்ப்புகை, கீழே வலது மூலையில் இரண்டு பேர் போகிற பரிசல். இதற்கு மூன்றரை நிமிட இசை அமைக்க ஆசை. அமிர்தவர்ஷினி ராகத்தில் வேக வேகமான பிருகாக்களாக (ஸ்வரச் சரங்களாக)ப் போட்டுப் பார்த்தேன். அருவி மாதிரியே இல்லை. எங்கே தப்பு?
— கல்லூரி மாணவி, பென்னாகரம்

பதில்: ராகத்தைக் குறை சொல்ல மாட்டோம். வரிசையில்தான் தப்பு. ஓவியம் தன்னிடம் உள்ள எல்லாவற்றையும் ஒரே பார்வையில் காட்டிவிடும். இசை ஒன்றன்பின் ஒன்றாகத்தான் காட்ட முடியும். எது முதலில், எது பிறகு என்று முடிவு செய்வதுதான் இங்கே இசையமைப்பு. நீங்கள் முதல் நொடியிலேயே அருவியை இறக்கிவிட்டீர்கள், அப்புறம் சொல்ல மிச்சம் எதுவும் இல்லாமல் போயிற்று.

வீணையை உறையிலேயே வைத்துவிட்டு, ஓவியத்திலிருந்து ஆறடி தள்ளி உட்கார்ந்து 10 நிமிடம் பாருங்கள். ஒரு தாளில் சட்டம் வரைந்து, உங்கள் கண் போன இடங்களில் 1, 2, 3 என்று எண் போடுங்கள். மறுநாள் காலையில் வேறு தாளில் இதையே செய்யுங்கள். இரண்டிலும் ஒத்துப்போகிற வரிசைதான் உங்கள் இசைக்கு முதுகெலும்பு. நீங்கள் சொன்ன ஓவியத்தில் கண் பெரும்பாலும் வெள்ளையான புகையில் தொடங்கி, பாறையில் இறங்கி, பரிசலில் போய் நிற்கும். அதன் பிறகுதான் அருவி எவ்வளவு பெரியது என்பது உறைக்கும், ஏனென்றால் பரிசலில் இருக்கும் இரண்டு ஆட்கள்தான் அருவிக்கு அளவுகோல். ஊரின் பெயரே கன்னடத்தில் 'புகையும் பாறை' என்றுதான் பொருள் தருகிறது. புகையில் தொடங்குவது பொருத்தம்.

தாளத்தைப் பரிசலிடம் கேளுங்கள். வட்டமான பரிசலில் துடுப்பை ஒரு வெட்டு இழுத்ததும் கூடை லேசாகத் திரும்பும். அந்தத் திருப்பம் அடங்கும் வரை ஆள் காத்திருந்து அடுத்த வெட்டு போடுவார். இழுப்பு குட்டை, காத்திருப்பு நீளம். இது நான்கு நான்காக நடக்கும் தாளத்தில் உட்காராது. கண்ட சாபுவில், 'தக தகிட' என்று 2-ம் 3-ம் சேர்ந்த ஐந்தில், அப்படியே உட்காரும். ருஷ்ய இசையமைப்பாளர் ரக்மானினோவ், பொக்லின் என்ற ஓவியர் தீட்டிய 'இறந்தோர் தீவு' ஓவியத்தை ஒட்டி 1909-ல் அதே பெயரில் ஓர் இசைக்கோவை எழுதினார். அந்த ஓவியத்திலும் தீவை நோக்கி ஒரு படகு போகிறது. அவரும் துடுப்புக்கு ஐந்து எண்ணிக்கையைத்தான் எடுத்தார்.

இனி கணக்கு. நிமிடத்துக்கு 150 அட்சரம் (தாள எண்ணிக்கை) என்று மெட்ரோனோமை வைத்தால் ஒரு கண்ட சாபு ஆவர்த்தனம், அதாவது ஐந்து அட்சரச் சுற்று, சரியாக 2 நொடி. மூன்றரை நிமிடம் 210 நொடி, அதாவது 105 ஆவர்த்தனம். புகைக்கு 24, பாறைக்கு 16, பரிசலுக்கு 40, முழு அருவிக்கு 15, மறுபடி புகைக்கு 10 என்று பிரிக்கலாம். அருவிக்கு 30 நொடிதானா என்று தோன்றும். அதற்கு முன்னால் 160 நொடி காக்க வைத்திருக்கிறீர்கள், 30 போதும். நீட்டினால் வீரியம் போய்விடும்.

அருவியைப் பிருகாவால் செய்ய முடியாததற்குக் காரணம் உண்டு. அருவியின் இரைச்சலில் தடித்ததும் மெலிந்ததுமாக எல்லா அதிர்வெண்களும் ஒரே நேரத்தில் கலந்திருக்கின்றன. வீணையில் எவ்வளவு வேகமாக மீட்டினாலும் ஒரு நேரத்துக்கு ஒரு ஸ்வரம், ஒவ்வொன்றுக்கும் தனியாகத் தெரிகிற ஒரு தொடக்க நுனி. கேட்பவருக்கு அது விரல் வேகமாகத்தான் படும். இரைச்சல் வேண்டுமென்றால் இரைச்சலையே கொண்டுவாருங்கள். ஒரு முறத்தில் கால் கிலோ கேழ்வரகைக் கொட்டி, ஒரு முனையை மெல்ல உயர்த்தினால் தானியம் மறுமுனைக்கு வழியும்போது 'ஸ்ஸ்' என்று ஒரு சீரான ஒலி வரும். மறுபக்கம் சாய்த்தால் திரும்பி வரும். ஒரு சாய்ப்புக்கு 4 நொடி எடுத்துக்கொள்ளுங்கள். நெல் வேண்டாம், அதன் உமி முனை சொரசொரவென்று கேட்கும். ஒரு கிலோவுக்கு மேல் போட்டால் வழியாமல் மொத்தமாகச் சரிந்து 'தொப்' என்று விழும். இந்த ஒலியைப் புகைப் பகுதியில் வயலின் நீள வில்லுக்கு அடியில், கேட்டும் கேட்காத அளவில் வையுங்கள். பாறை வந்ததும் நிறுத்திவிடுங்கள். முழுக்க ஓடவிட்டால் காது அதைக் கேட்பதையே விட்டுவிடும்.

ராகம் பற்றி எங்கள் யோசனை: அமிர்தவர்ஷினிக்கு மழைக் கதை கூடவே வருகிறது, கேட்பவர் மழையைத்தான் நினைப்பார். மோகனத்தை எடுத்து, பரிசல் பகுதியில் கிரகபேதம் (ஆதார ஸ்வரத்தை இடம் மாற்றுவது) செய்து பாருங்கள். மோகனத்தின் ரிஷபத்தை ஆதார ஷட்ஜமாக்கினால் அதே ஐந்து ஸ்வரங்கள் மத்யமாவதியாகிவிடும். தண்ணீர் அதே தண்ணீர், பார்க்கிற இடம் மட்டும் கரையிலிருந்து பரிசலுக்கு மாறுகிறது.

வீணைக்காரர்கள் இங்கேதான் வழுக்குவார்கள். உங்கள் வீணை 3 கட்டைச் சுருதியில் இருந்தால் புதிய ஷட்ஜமம் நாலரைக் கட்டை. ஆனால் பக்கத்தில் உள்ள தாளத் தந்திகள் பழைய சுருதியின் ச, ப, மேல் ச-வில்தான் கட்டப்பட்டிருக்கும். பழக்க தோஷத்தில் சுண்டுவிரல் அவற்றைத் தட்டினால், புதிய கணக்கில் பழைய ச நிஷாதமாகவும் பழைய ப மத்யமமாகவும் ஒலிக்கும். காது இரண்டே ஆவர்த்தனத்தில் மோகனத்துக்குத் திரும்பிவிடும். அந்த 40 ஆவர்த்தனமும் சுண்டுவிரலை மடக்கியே வையுங்கள். சுருதிப் பெட்டியையும் மாற்ற வேண்டும். பாறையின் கடைசி இரண்டு ஆவர்த்தனத்தில் 3 கட்டைச் சுருதியைக் குறைத்து அணைத்து, ரிஷபத்தில் நின்று, பரிசலின் இரண்டாவது ஆவர்த்தனத்தில் நாலரைக் கட்டைச் சுருதியை உள்ளே விடுங்கள். ஒரு பெட்டியையே திருகி மாற்றினால் நடுவில் உள்ள சுருதிகள் எல்லாம் இழுபட்டுக் கேட்கும். இரண்டு கைபேசியில் இரண்டு தம்பூரா செயலி இருந்தால் தொல்லையே இல்லை.

கேள்வி: நீலத்துக்கு ச, பச்சைக்கு ரி என்று நிறத்துக்கு ஒரு ஸ்வரம் வைத்து கீபோர்டில் இசை அமைக்கலாமா? சரியான பட்டியல் எங்கே கிடைக்கும்?
— கீபோர்டு வாசிப்பவர், ஓசூர்

பதில்: எல்லோருக்கும் பொதுவான பட்டியல் கிடையாது. இசையைக் கேட்டால் நிறம் தோன்றுவதாகச் சொன்ன ருஷ்யர்கள் இருவர், ரிம்ஸ்கி-கோர்சகோவும் ஸ்க்ரியாபினும். சி மேஜர் என்ற மேற்கத்திய ஸ்வர வரிசை முதலாமவருக்கு வெள்ளை, இரண்டாமவருக்குச் சிவப்பு. ஸ்க்ரியாபின் 1910-ல் முடித்த 'பிரமீதியஸ்' கோவையில் வண்ண ஒளிக்கென்றே தனி வரி எழுதினார், ஆனால் அது அவர் கண்ணின் கணக்கு. நீங்கள் போடுகிற பட்டியல் கேட்பவரிடம் போய்ச் சேராது.

போய்ச் சேருவது வெளிச்சமும் விளிம்பும். கைபேசியில் ஓவியத்தைப் படம் எடுத்துக் கறுப்பு வெள்ளையாக மாற்றுங்கள். ரக்மானினோவும் தன் தீவை முதலில் கறுப்பு வெள்ளை நகலில்தான் பார்த்தார். வெளிச்சமான இடங்களை மேல் ஸ்தாயிக்கும் இருண்ட இடங்களைக் கீழ் ஸ்தாயிக்கும் கொடுங்கள். ஈரத் தாளில் வண்ணம் கசிந்து பரவிய விளிம்புக்கு, ஒலி மெல்ல எழும்படி கீபோர்டின் 'அட்டாக்' அளவை அரை நொடியிலிருந்து ஒரு நொடி வரை வையுங்கள். பாறை போன்ற கூரான விளிம்புக்கு 10 மில்லி நொடிக்குள்.

ஒரு எச்சரிக்கை: இடது கையில் நடு ச-வுக்கு இரண்டு ஸ்தாயி கீழே ச-வையும் க-வையும் சேர்த்து அமுக்காதீர்கள். அந்த ஆழத்தில் பக்கத்துப் பக்கத்து ஸ்வரங்களின் மேலதிர்வுகள் ஒன்றோடொன்று உரசிக் கலங்கலாகும். ச-வும் ப-வும் போதும், அல்லது ச-வும் அதன் மேல் ச-வும். ஒரே நேரத்தில் மூன்று அடுக்குக்கு மேல் ஒலிக்கவிடாதீர்கள்.

கேள்வி: மாந்தோப்பு ஓவியம் ஒன்றுக்கு நாயனமும் தவிலும் மட்டும் வைத்து இசை அமைக்கிறோம். வரிசை வரிசையாக மரங்கள், தூரத்தில் ஒரு குடிசை. எங்கள் வாசிப்பு கல்யாண ஊர்வலம் மாதிரியே இருக்கிறது. தூரம் தெரியவில்லை.
— நாகசுரக் கலைஞர், கிருஷ்ணகிரி

பதில்: அருமையான ஓவியம் எடுத்திருக்கிறீர்கள். நம் லய மரபில் இதற்கென்றே செய்துவைத்த ஒன்று இருக்கிறது. தோப்பில் மரங்களெல்லாம் சம இடைவெளியில்தான் நிற்கின்றன, ஆனால் கண்ணுக்குத் தள்ளிப்போகப் போகக் குட்டையாகின்றன. மாட்டு வாலைப் போலத் தடித்துத் தொடங்கி மெலிந்து முடிகிற அமைப்பைத்தான் கோபுச்ச யதி என்கிறோம். ஆதி தாளத்தில், அட்சரத்துக்கு ஒரு ஸ்வரமாக 9, 7, 5, 3 என்று குறைத்தால் மொத்தம் 24, மூன்று ஆவர்த்தனம் கச்சிதம். மோகனத்தில் ஒரு மாதிரி:

ச ரி க ப த ச த ப க (வரியின் நடுவில் வரும் ச மேல்ஸ்தாயி)
ரி க ப த ப க ரி
க ப த ப க
க ரி ச

முதல் வரி பக்கத்து மரம், கடைசி வரி குடிசையோரத்து மரம். ஒவ்வொரு வரியின் முதல் ஸ்வரத்திலும் தவில் ஒரு சின்னக் குறிப்புத் தட்டு கொடுக்க வேண்டும். இல்லாவிட்டால் நான்கும் ஒரே நீளத் தொடராகக் குழம்பிவிடும். ஓவியத்தில் ஓடை இருந்தால் அதே கணக்கைத் திருப்பி 3, 5, 7, 9 என்று விரியுங்கள். அது ஸ்ரோதோவக யதி, ஆறு போல அகல்வது.

இரண்டாவது, ஒலி அளவு. நாயனத்தில் காற்றைக் குறைத்து மென்மையாக்கப் போனால் சுருதி இறங்கும், சீவாளி (ஊதும் நாணல்) பிசிறும். வாசிப்பவர் மூச்சு மாறாமல் வாசிக்கட்டும், இடத்தை மாற்றுங்கள். மைக்கிலிருந்து 6 அடியில் முதல் வரி, 20 அடி தள்ளிப் போய்க் கடைசி வரி என்று தனித்தனியாகப் பதிவு செய்து சேர்த்தால் தூரம் தானாக வரும். திறந்த வெளியில் இன்னும் நன்றாக வரும், சுவர் எதிரொலி தொந்தரவு இருக்காது. தவில்காரர் வலந்தலையில் விரல் கூடுகளைக் கழற்றிவிட்டு வெறும் விரலால் வாசிக்கட்டும். இடந்தலையில் குச்சிக்குப் பதில் உள்ளங்கை. ஊர்வலச் சாயல் பாதிக்கு மேல் அங்கேயே போய்விடும்.

மரத்தில் பூவா காயா என்று ஓவியத்தைக் கிட்டத்தில் பாருங்கள். பூவென்றால் தை, மாசிக் காற்றும் தேனீயும். கிளை தாழத் தொங்கும் பெங்களூரா காயென்றால் சித்திரை, வைகாசியின் கனத்த நடுப்பகல். காலப்பிரமாணம் அதற்குத் தக்கபடி மாற வேண்டும். முதலாவதுக்கு நிமிடத்துக்கு 90 அட்சரம், இரண்டாவதுக்கு 60 என்று தொடங்கிப் பாருங்கள்.

கேள்வி: மேலகிரி மலைகளின் ஓவியத்துக்கு இசை அமைக்கிறேன். குறிஞ்சி நிலம் என்பதால் குறிஞ்சி ராகம்தானே சரி?
— தேன்கனிக்கோட்டை வாசகர்

பதில்: பெயர் மட்டும்தான் ஒற்றுமை. இன்று வாசிக்கப்படும் குறிஞ்சி ராகம் தீரசங்கராபரணத்தின் வழி வந்தது. மேல் ஸ்தாயியை எட்டாமல் ஒரு சின்ன வட்டத்துக்குள் சுற்றி வரும், தாலாட்டுக்கும் கல்யாணப் பாட்டுக்கும் பொருந்தும் குணம். மலையின் உயரத்தைக் காட்ட அதில் இடம் போதாது.

திணை மரபு உங்களுக்கு உதவும், ஆனால் வேறு வழியில். தொல்காப்பியம் கருப்பொருளைச் சொல்லும்போது 'தெய்வம் உணாவே மாமரம் புட்பறை செய்தி யாழின் பகுதி' என்று, மரத்தையும் பறவையையும் சொன்ன மூச்சிலேயே பறையையும் யாழையும் சொல்கிறது. நிலம் என்றால் அதன் ஒலியும் சேர்த்துத்தான். குறிஞ்சிக்குத் தொண்டகப் பறை, பாலைக்குத் துடி என்று உரைகள் பிரிக்கின்றன. பொழுதும் பிரிந்திருக்கிறது. குறிஞ்சிக்கு யாமம் (நள்ளிரவு), முல்லைக்கு மாலை, மருதத்துக்கு வைகறை, நெய்தலுக்கு எற்பாடு (பொழுது சாயும் நேரம்), பாலைக்கு நண்பகல். முதலில் உங்கள் ஓவியத்தில் நிழல் எந்தப் பக்கம் விழுகிறது என்று பார்த்துப் பொழுதைக் கண்டுபிடியுங்கள். விடிகாலை மூடுபனி என்றால் மலயமாருதம் அல்லது பூபாளம். நடுப்பகலில் காய்ந்த பாறை என்றால் அது குறிஞ்சி திரிந்த பாலை. நம் பக்கத்துக் கூத்திலும் கோயிலிலும் கேட்கிற உடுக்கை அந்தத் துடியின் உறவுதான், அதை எடுங்கள். உடுக்கையின் இடுப்புக் கயிற்றை இறுக்கி இறுக்கி விட்டால் ஒலி ஏறி இறங்கும். கானல் நெளிவதற்கு இதைவிடப் பொருத்தமான ஒலி எங்களுக்குத் தெரியாது.

கேள்வி: 7-ஆம் வகுப்பில் 30 பிள்ளைகள். இசைக் கருவி எதுவும் இல்லை. ஓவிய ஆசிரியர் வரைந்த தீர்த்தமலைப் படம் இருக்கிறது, 60 செ.மீ. அகலம். ஒரு பாடவேளை 40 நிமிடம். ஏதாவது செய்ய முடியுமா?
— பள்ளி ஆசிரியை, அரூர்

பதில்: தாராளமாக. 5 நிமிடம் பேசாமல் படத்தைப் பார்க்கட்டும். அடுத்த 10 நிமிடத்தில் மலை, மரம், பறவை, கோயில், வானம் என்று ஆறு ஆறு பேராகப் பிரிந்து தங்களுக்கான ஒலியைத் தேடட்டும். உள்ளங்கை உரசல், ஜியாமெட்ரி பாக்ஸ், எவர்சில்வர் டம்ளர், கூழாங்கல், வாயை மூடிய முனகல் எல்லாம் ஆகும். 15 நிமிடம் ஒத்திகை, மீதி 10 நிமிடத்தில் இரண்டு முறை முழுதாக வாசிப்பு.

நீங்கள் ஓர் அடிக்கோலைப் படத்தின் இடது ஓரத்தில் செங்குத்தாகப் பிடித்து, நொடிக்கு 1 செ.மீ. வீதம் வலப்பக்கம் நகர்த்துங்கள். அடிக்கோல் தங்கள் பொருளைத் தொடும்போது மட்டும் அந்தக் குழு ஒலிக்கும். 60 நொடி இசை தயார். உற்சாகத்தில் கை வேகமாக ஓடும் என்பதால் சட்டத்தில் 10 செ.மீ.-க்கு ஒரு பென்சில் கோடு போட்டுக்கொள்ளுங்கள். வானம் எல்லா இடத்திலும் இருப்பதால் அந்தக் குழு ஓயாமல் ஒலித்து மற்றவர்களை மூழ்கடிக்கும். அவர்களுக்கு மூச்சு ஒலி மட்டும் கொடுங்கள். பொறுமையான பிள்ளைகளை அங்கே போடுவது நல்லது.

கேள்வி: புல்லாங்குழலை வீட்டிலேயே கைபேசியில் பதிவு செய்தால் காற்றுச் சத்தம்தான் கேட்கிறது. மெதுவான இடங்களில் இரைச்சல் ஏறுகிறது.
— பாலக்கோடு வாசகர்

பதில்: இரண்டும் வேறு வேறு கோளாறு. காற்றுச் சத்தம், மைக் ஊதுதுளைக்கு நேரே இருப்பதால் வருவது. ஒன்றரை அடி தள்ளி, விரல் துளைகளின் பக்கமாகச் சாய்த்து, உதட்டு மட்டத்துக்குச் சற்று மேலே வையுங்கள். மெதுவான இடத்தில் இரைச்சல் ஏறுவது, கைபேசி தானாகவே ஒலியைக் கூட்டிக் குறைப்பதால். அதை அணைக்க வழி தருகிற பதிவுச் செயலியைப் பயன்படுத்தி, 48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட்டில், உச்ச ஒலி மைனஸ் 12 டெசிபலைத் தாண்டாமல் பதிவு செய்யுங்கள். மின்விசிறியை நிறுத்துங்கள், எதிர்ச்சுவரில் ஜமக்காளம் தொங்கவிடுங்கள். தொடங்கும் முன்னும் முடிந்த பின்னும் 5 நொடி சும்மா விடுங்கள். அறையின் அந்த வெற்று ஒலி, பகுதிகளை ஒட்டும்போது இடைவெளியை நிரப்பத் தேவைப்படும்.

கேள்வி: விலை கொடுத்து வாங்கிய ஓவியத்துக்கு இசை அமைத்து, ஓவியத்தையும் காட்டி யூடியூபில் போடலாமா?
— காவேரிப்பட்டணம் வாசகர்

பதில்: இசை அமைக்க யாருடைய அனுமதியும் வேண்டாம், அது உங்கள் சொந்தப் படைப்பு. ஓவியத்தைக் காட்டுவதற்குத்தான் அனுமதி வேண்டும். வரைந்து வைத்திருந்ததை வாங்கினால் சட்டமும் துணியும்தான் உங்களுடையவை. 1957-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டப்படி நகல் எடுக்கும் உரிமை ஓவியரிடமே இருக்கும், அவர் காலத்துக்குப் பிறகு 60 ஆண்டு வரை. நீங்களே பணம் கொடுத்துச் சொல்லி வரையச் செய்த ஓவியம் என்றால், வேறு ஒப்பந்தம் இல்லாத பட்சத்தில் உரிமை உங்களுடையது. மற்றபடி ஓவியரிடம் ஒரு பக்கக் கடிதம் எழுதி வாங்குங்கள். எந்த ஓவியம், எந்தத் தளத்தில், எத்தனை காலம், வருமானம் வந்தால் பங்கு எவ்வளவு, அவர் பெயர் எங்கே வரும் என்ற ஐந்தும் அதில் இருக்கட்டும். பெயரைக் காணொளியின் கீழே உள்ள குறிப்பில் ஒளித்து வைக்காமல், ஓவியம் திரையில் முதலில் தோன்றும்போதே போடுங்கள்.